பீரங்கிக்கு வைத்த பொட்டு

ஒன்பது வயதில், தளிக்கு மேற்கே காட்டோரம் ஆடு மேய்த்தபோது, ஒற்றை யானை துரத்தியும் பதினாறு ஆடுகளில் ஒன்றைக்கூட விடாமல் பட்டிக்குக் கொண்டுவந்து சேர்த்தவள் மாதேஸ்வரி. பதினான்கு வயதில் தாய்மாமனுக்குக் கட்டிவைக்கப் பந்தல்கால் நட்ட பிறகு, மூன்று நாள் சோறு தின்னாமல் கிடந்து அந்தக் கல்யாணத்தை நிறுத்தினாள். இருபத்தாறில் புருஷன் லாரி விபத்தில் போனபோது, "பெண்பிள்ளையை விட்டுவிட்டு நீ போ" என்ற மாமியார் வீட்டிலிருந்து மகளை மீட்டுக்கொண்டு வந்தாள். அந்த மகள் இப்போது கிருஷ்ணகிரியில் நர்சிங் படிக்கிறாள். ஓசூரில் கல்லறைக் கற்கள் செய்து வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு கம்பெனிக்குப் பெருக்கித் துடைக்க வந்தவள், ஆண்கள் மட்டுமே உட்கார்ந்திருந்த எழுத்துக் கொட்டகையில் இடம் பிடித்தாள். பதினோரு வருஷத்தில் அவள் கை பட்டுப் போன கற்களில் ஒன்றுகூடக் குற்றம் சொல்லித் திரும்பி வந்ததில்லை. மகளிர் தினத்துக்குக் கம்பெனி வைத்த மியூசிக்கல் சேர் போட்டியில், வலது முழங்கால் வீங்கியிருந்தும், இருபத்து மூன்று பேரைத் தோற்கடித்து ஒரு எவர்சில்வர் டிபன் கேரியர் வாங்கினாள். இது சின்ன விஷயம் என்று யாராவது சொன்னால், அவர் அன்றைக்கு அந்தப் பெண்கள் நாற்காலிக்கு அடித்துக்கொண்டதைப் பார்த்திருக்க மாட்டார்.

இத்தனையும் பள்ளிக்கூட வாசலை மிதிக்காமல் செய்தது. வீட்டில் ஒரு பிள்ளையைத்தான் படிக்க அனுப்ப முடியும் என்றார்கள். அண்ணன் கங்கப்பன் எட்டாவது வரை போனான். அந்த எட்டு வருஷமும் அவன் பங்கு ஆடுகளையும் சேர்த்து அவள்தான் மேய்த்தாள்.

படிக்கத் தெரியாதவளுக்கு எழுத்துக் கொட்டகையில் என்ன வேலை என்று கேட்பார்கள். வேலை இதுதான். கம்ப்யூட்டரில் அடித்த எழுத்துகளை ஒரு மெஷின் ரப்பர் ஷீட்டில் கீறித் தரும். அந்த ஷீட்டைப் பாலிஷ் போட்ட கல்லின் முகத்தில் ஒட்டிவிட்டு, கீறிய எழுத்தை மட்டும் கத்தி முனையால் நெம்பி எடுக்க வேண்டும். எடுத்த இடத்தில் மணலை வேகமாக அடித்தால் கல் குழியும். ரப்பர் மூடிய இடம் அப்படியே நிற்கும். எழுத்தின் வட்டத்துக்குள் கடுகளவு ரப்பர் இருக்கும். அது கூடவே பெயர்ந்து வந்தால் போச்சு, எழுத்து குருடாகிவிடும். ஜெர்மன்காரன் பேரோ போலந்துக்காரன் பேரோ, மாதேஸ்வரிக்கு அது என்ன எழுத்து என்று தெரியாது; பிறந்த தேதி, இறந்த தேதி எண்கள் மட்டும் பழகியிருந்தன. ஆனால் எந்த வளைவு எவ்வளவு வளைய வேண்டும், எந்தக் கடுகு எங்கே நிற்க வேண்டும் என்று தெரியும். படித்தவர்கள் வார்த்தையைப் படித்துவிட்டு வடிவத்தைக் கோட்டை விடுவார்கள். அவள் விடமாட்டாள்.

2024 ஆகஸ்டில் ஒரு ஆர்டர் வந்தது. பிரான்சு நாட்டில் ஒரு சின்ன ஊர். அந்த ஊரில் பிறந்த ஜெனரல் ஃபிர்மாங் கோர்வால் என்பவர், நெப்போலியன் காலத்தில் பீரங்கிப் படையை நடத்தியவர். 1825 மார்ச் 9 அன்று இறந்தார். அவர் சமாதியின் பழைய கல் பனியில் வெடித்துவிட்டதாம். இருநூறாவது நினைவு நாளுக்குள் புதுக் கல் வேண்டும் என்று ஊர்க்காரர்கள் கேட்டிருந்தார்கள். வெள்ளைக் கிரானைட், நான்கரை அடி உயரம், இரண்டேகால் அடி அகலம், ஆறு அங்குலக் கனம். மேலே ஒரு பீரங்கி, கீழே பதினேழு வரி எழுத்து.

ஆர்டரோடு அவர் கதையும் கல்லில் வரும் வரிகளின் அர்த்தமும் இங்கிலீஷில் இரண்டு பக்கம் வந்திருந்தன. கம்ப்யூட்டரில் எழுத்து அடிக்கும் சுமலதா, டிப்ளமோ படித்த பெண், சாப்பாட்டு நேரத்தில் அதைச் சொல்லுவாள்.

"பீப்பாய் செய்றவரோட மூணாவது பையனாம் மாதேக்கா. பதினேழு வயசுல பட்டாளத்துல சேர்ந்து, பீரங்கி இழுக்கற குதிரைக்குத் தண்ணி காட்டற வேலை. அப்போல்லாம் பெரிய வீட்டுப் பிள்ளைங்கதான் ஆபீசர் ஆவாங்களாம். அப்புறம் அந்த நாட்டுல புரட்சி வந்துது, இவரு மேல ஏறிட்டாரு. நம்ம ராயக்கோட்டை மலையில வெள்ளைக்காரன் குண்டு போட்டானே, அதே காலம்தான்."

"இவரு இங்க வந்தாரா?"

"இல்லக்கா, அங்கதான். ஆறு பனிக்கட்டியா உறைஞ்சு கெடந்துதாம். அது மேல பதினாலு பீரங்கிய இழுத்துக்கினு போனாராம், சக்கரத்துக்கெல்லாம் வைக்கோலு சுத்தி."

"ஒண்ணும் உள்ள போவலியா?"

"ஒண்ணு போச்சாம். அதைப் பிடிக்கப் போயி இவருக்கு இடது கையில மூணு விரல் போச்சு."

மாதேஸ்வரி களி உருண்டையைக் கையில் வைத்தபடி யோசித்தாள். "அவ்ளோ பெரிய நாட்டுல கல்லே இல்லியா? நம்மகிட்ட வந்து கேக்கறாங்கோ?"

"கல்லு இருக்கும்மே," என்றாள் பாலிஷ் பிரிவு ரஹமத் பீவி. கம்பெனியிலேயே மூத்தவள், வாய்க்குப் பூட்டு இல்லாதவள். "உன்னை மாதிரி குந்திக்கினு கடுகு கடுகா நோண்டறதுக்குத்தான் ஆளு இல்ல."

அந்தப் பதினேழு வரியை எடுக்க மாதேஸ்வரிக்கு நான்கு நாள் ஆனது. அக்டோபர் 9-ஆம் தேதி மணல் அடித்து, ரப்பரை உரித்து, கல்லைக் கழுவி நிறுத்தினார்கள். கறை பிடிக்காமலிருக்கக் கடைசியாக ஒரு மருந்து அடிக்க வேண்டும். அது மட்டும் பாக்கி.

அக்டோபர் 11, வெள்ளிக்கிழமை, ஆயுத பூஜை. ஓசூரில் அன்றைக்குப் பொட்டு வைக்காத மெஷின் கிடையாது. கல் அறுக்கும் ரம்பம், கிரேன், ஆபீஸ் கம்ப்யூட்டர், வாசலில் நிற்கும் மேனேஜர் கார், எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று. மேனேஜர் ஸ்ரீராம் பட்டு வேட்டி கட்டி, நல்லெண்ணெயில் குழைத்த குங்குமக் கிண்ணத்தோடு ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டு வந்தான். எழுத்துக் கொட்டகைக்கு வந்ததும் ஜெனரலின் கல் முன்னால் நின்றான்.

"பீரங்கி! இதைவிட என்னய்யா ஆயுதம் வேணும்? இதுக்கு வைக்காம எதுக்கு வைக்கிறது?"

எல்லோரும் சிரித்தார்கள். மாதேஸ்வரிகூட முதலில் சிரித்துவிட்டாள். அவன் கட்டை விரலைக் கிண்ணத்தில் முக்கியதைப் பார்த்ததும்தான் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பதறினால் அவளுக்கு ஊர்க் கன்னடம்தான் முதலில் வரும். "பேடா சார், பேடா!" என்று, வேண்டாம் என்பதாகக் கையை நீட்டினாள். பிறகு தமிழில் சொன்னாள்: "வெள்ளைக் கல்லு சார். இன்னும் மருந்து அடிக்கல. எண்ணெயை உள்ள இழுத்துக்கும்."

"சாமிக்கு வைக்கிறது கறையாகுமா? நல்ல நாளும் அதுவுமா என்ன வாயி இது. தள்ளும்மா."

பீரங்கியின் வாயில் ஒன்று, இரண்டு சக்கரத்திலும் ஒவ்வொன்று. பெருவிரலால் அழுத்தி மேல்நோக்கி இழுத்த மூன்று தீற்றல்கள். கற்பூரம் காட்டினார்கள், பூசணிக்காய் உடைத்தார்கள், பொரி கொடுத்தார்கள், ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டுப் போனார்கள். பூஜை வைத்த இடத்தை மறுநாள் தொடக்கூடாது, அதற்கு மறுநாள் ஞாயிறு. மூன்று நாள் அந்தக் கல் எண்ணெயைக் குடித்தது.

திங்கட்கிழமை காலை துடைத்தார்கள். சோப்பு போட்டார்கள், தின்னர் போட்டார்கள், மாவு மாதிரி ஒரு மருந்தைக் குழைத்து அப்பி வைத்து எடுத்தார்கள். மூன்று தீற்றலும் பழுப்புச் சிவப்பாக, கல்லோடு பிறந்த மச்சம் மாதிரி நின்றன. பன்னிரண்டு மணிக்கு ஏற்றுமதி ஏஜென்ட் வந்து போட்டோ எடுத்துக்கொண்டு, இந்தக் கல் போகாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு மணிக்கு மாதேஸ்வரியை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். மேஜைமேல் டைப் அடித்த தாள், பக்கத்தில் மை டப்பா. ஸ்ரீராம் தாளைத் தள்ளினான்.

"ரேகை வைம்மா."

"இன்னா எழுதியிருக்குது சார்?"

"கல்லு வீணாப் போச்சுன்னு எழுதியிருக்கு. பார்மாலிட்டி."

"படிங்க, கேக்கறேன்."

அவன் படிக்கவில்லை. ஓரத்தில் நின்ற சுமலதாவைப் பார்த்து, "படிங்க சுமா" என்றாள் மாதேஸ்வரி. சுமலதா தாளைப் பார்த்தாள், மேனேஜரைப் பார்த்தாள், பிறகு படித்தாள். 'மேற்படி கல்லில் நான் யாரையும் கேட்காமல், என் இஷ்டத்துக்குக் குங்குமமும் எண்ணெயும் வைத்துக் கெடுத்துவிட்டேன் என்று ஒப்புக்கொள்கிறேன்.'

அந்தத் தாளில் ரேகை விழுந்தால் வேலை போகும். அது மட்டும் இல்லை. ஓசூரிலும் எல்லைக்கு அந்தப் பக்கம் ஜிகணியிலும் இருக்கிற கல் கம்பெனிக்காரர்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் போனில் பேசிக்கொள்கிறவர்கள். கல்லைக் கெடுத்தவள் என்ற பேர் ஒரு மணி நேரத்தில் எல்லாக் கேட்டுக்கும் போய்ச் சேரும். பதினோரு வருஷம் ஒரு குற்றமில்லாமல் சேர்த்த பேர், இன்னொருத்தன் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு விளையாட்டாகச் செய்ததற்கு அழிய வேண்டும்.

"வெச்சது நீங்க. வேணாம்னு சொன்னது நானு," என்றாள்.

"உனக்குப் படிக்கத் தெரியுமா, எழுதத் தெரியுமா? நீ சொல்றதை யாரு நம்புவா? வை."

சொல்லிக்கொண்டே அவன் எழுந்து வந்து அவள் வலது மணிக்கட்டைப் பிடித்து மை டப்பாவின் பக்கம் இழுத்தான். ஆபீசில் இன்னும் நான்கு பேர் இருந்தார்கள். நான்கு பேரும் தரையைப் பார்த்தார்கள். மாதேஸ்வரி கட்டை விரலை உள்ளே மடக்கி, மற்ற நான்கு விரலையும் அதன்மேல் இறுக்கி மூடினாள். இருபது கிலோ கல்லை ஒற்றைக் கையில் புரட்டுகிற கை அது. அவனால் பிரிக்க முடியவில்லை. கையை உதறிக்கொண்டு வெளியே வந்தாள். நகம் பதிந்து உள்ளங்கையில் ரத்தம் கட்டியிருந்தது.

மறுநாளிலிருந்து அவளை உள்ளே விடவில்லை. எட்டரை மணி ஷிப்டுக்கு எட்டு இருபதுக்கே கேட்டுக்கு வந்து நிற்பாள், மாலை வரை நிற்பாள். "நான் லீவு போடல. நீங்கதான் உள்ள விடல. எழுதி வெச்சிக்கோங்க," என்று செக்யூரிட்டியிடம் தினமும் சொல்வாள். செவ்வாய் முதல் சனி வரை, ஒரு நாள் விடாமல்.

கங்கப்பன் வேறொரு கம்பெனிக்கு ஷட்டில் வேன் ஓட்டுகிறான். மத்திகிரியில் அவள் குடியிருக்கும் வீட்டுக்குப் புதன்கிழமை ஒரு கோடு போட்ட தாளோடு வந்தான்.

"மாதே, லேபர் ஆபீசுக்கு நான் அழகா எழுதித் தரேன். நீ ரேகை மட்டும் வை."

"உன் எழுத்து வேணாம்ணா."

"ஏன்?"

"ரேகைன்னா கையைப் பிடிச்சு வெச்சிடலாம். பார்த்துட்டேன். கையெழுத்தை யாரும் கையைப் பிடிச்சு வாங்க முடியாது. உன் ஆட்டையும் சேர்த்து மேச்சேனே எட்டு வருஷம், அந்தப் படிப்ப நீயே வெச்சிக்கோ."

அவன் அந்தத் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனான். அவள் சொன்னது அத்தனையும் நியாயம்.

வியாழக்கிழமை காலை, தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போகப் பார்த்த சுமலதாவைக் கேட்டருகே நிறுத்தினாள்.

"எனக்காகப் பேசுன்னு கேக்கல சுமா. உனக்கும் வேலை வேணும். ரெண்டு காரியம் பண்ணு. என் பேரை வேஸ்ட் ரப்பர்ல வெட்டிக் குடு. அப்புறம், அந்தக் கல்லுல கடைசியா சாய்ஞ்ச எழுத்துல ரெண்டு வரி வந்துதே, அது இன்னான்னு சொல்லு."

சுமலதா ஒரு தடவை ஆபீஸ் பக்கம் பார்த்தாள். பிறகு சொன்னாள். ஒரு சண்டையில் மழை. வெடிமருந்து நனைந்து பீரங்கிகள் வெடிக்காமல் போயின. மருந்து வண்டியைத் திறந்து வைக்கச் சொன்னவர் மேலதிகாரி. பழி எட்டு பீரங்கிக்காரர்கள் மேல் விழுந்தது. அவர்களைச் சுட்டுக் கொல்ல உத்தரவு. கோர்வாலைக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். மாட்டேன் என்றார். அதற்காக ஆறு வருஷம் அவருக்குப் பதவி உயர்வு இல்லை. செத்த பிறகு முதல் கல்லை நிறுத்தியதே அந்தப் பீரங்கிக்காரர்களின் குடும்பங்கள்தானாம்.

"கல்லுல அதான்க்கா எழுதியிருக்கு. 'தன் ஆட்கள் மேல் பொய்ப் பழி ஏற விடாதவர்'னு."

மாதேஸ்வரிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "இந்த வரியத்தான் நான் இடுப்பு ஒடியக் குந்திக்கினு எடுத்தேன். இதே கல்லுக்கு என் மேல பழி. அந்தக் கல்லு மூஞ்சிக்கு முன்னால நின்னு பொட்டு வெச்சானே மேனேஜரு, ஆர்டரோட வந்த கதையைப் படிக்கத் தெரிஞ்சவன்தானே?"

சுமலதா அழுதுகொண்டே உள்ளே போனாள். சனிக்கிழமை மாலை கங்கப்பனின் வேனை நிறுத்தி, செய்தித்தாளில் சுற்றிய ஒரு ரப்பர் சுருளைக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். மாதேஸ்வரி சிமெண்ட் தரையில் ரப்பரை விரித்து, கத்தியோடு உட்கார்ந்தாள். ஐந்து எழுத்து. முன்னால் நிற்கும் இரட்டைச் சுழியில் இரண்டு கடுகு, நடு எழுத்தின் தலையில் ஒரு புள்ளி, கடைசி எழுத்துக்கு மேலே ஒரு கொக்கி. ஜெர்மன்காரன் எழுத்தைவிடக் கஷ்டமான வளைவு. முக்கால் மணி நேரத்தில் எடுத்து முடித்தாள். எடுத்த இடத்தில் கோலமாவைத் தூவி, ரப்பரைத் தூக்கினாள். தரையில் வெள்ளையாக நின்றது.

"அண்ணா, இதுதானே நானு?"

"அதேதான்," என்றான் வாசல்படியில் நின்ற கங்கப்பன்.

"சரி, வேன் கழுவணும்னியே, போ."

பிறகு பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கம் அவள் எழுத ஆரம்பித்தாள். பேனாவைக் கத்தி பிடிக்கிற மாதிரியே பிடித்தாள். இருட்டுவதற்குள் தாள் தீர்ந்துவிட்டது. எழுதும்போதே, அவளுடைய கண்ணுக்குள் வேறொரு வடிவமும் வந்து வந்து போனது. கல்லில் இருக்கிற அந்த மூன்று தீற்றல். வடிவம்தானே அவள் தொழில்.

மறுநாள் திங்கட்கிழமை பெங்களூரிலிருந்து முதலாளியே வந்தார். பிரான்சுக்காரர்கள் எழுத்துமூலமாக விளக்கம் கேட்டிருந்தார்கள். கேட்டில் நின்ற மாதேஸ்வரியைக் கொட்டகைக்கு வரச் சொன்னார்.

"அவ ஒத்துக்கிட்டா சார்," என்று ஸ்ரீராம் ஆரம்பித்தான். "ரேகைதான் இன்னும்..."

"ஒத்துக்கல. என் ரேகை வேணும்னாரு சார். கல்லுலயே ஒரு ரேகை இருக்குது, அதைப் பார்த்தீங்களா?"

கல் அருகே போனாள். பீரங்கி வாயில் இருந்த கறைமேல் தன் கட்டை விரலை வைத்தாள். விரலின் இரண்டு பக்கமும் கறை வெளியே தெரிந்தது. அவள் விரல் பாதியைத்தான் மூடியது. சக்கரங்களிலும் வைத்துக் காட்டினாள். மூன்றும் அப்படியே.

"இது என் விரலு. கல்லுல இருக்கறது இன்னொருத்தர் விரலு. சாரை வெச்சுக் காட்டச் சொல்லுங்க."

ஸ்ரீராமுக்குத் தடித்த கை. அவன் அதைப் பேண்ட் பையில் விட்டுக்கொண்டான்.

"என்ன சார் இது, படிக்காதவ சொல்றான்னு..."

"வைய்யி," என்றார் முதலாளி.

"சார்..."

"நல்ல நாள்ல வெச்ச விரலு, இன்னிக்கு வைக்கறதுக்கு இன்னா வெக்கம்?" என்றாள் பின்னாலிருந்து ரஹமத் பீவி. "அன்னிக்குப் பூசணிக்கா உடைச்சதுல தெறிச்ச குங்குமம் என் புடவையில இன்னும் போவல சார். நான் பக்கத்துலதான் நின்னேன். மாதே வேணாம் வேணாம்னு கத்துச்சு."

"நானும் கேட்டேன் சார்," என்றாள் சுமலதா. ஒரு வாரம் கழித்துத்தான் அவள் வாய் திறந்தது.

முதலாளி ஸ்ரீராமின் பையிலிருந்த கையையே கொஞ்ச நேரம் பார்த்தார். "நடந்ததை எழுதுங்க," என்றார்.

அதற்குப் பின் நடந்தது: புதுக் கல்லைப் பதினோரு நாளில் மாதேஸ்வரி எடுத்துக் கொடுத்தாள். மார்ச் 9 அன்று அந்த ஊரில் பீரங்கி முழங்கி, பூ வைத்து, கல்லைத் திறந்தார்கள், போட்டோ வந்தது. ஸ்ரீராமை வேலையை விட்டு அனுப்பவில்லை, குவாரி ஆபீசுக்கு மாற்றினார்கள். அவள் கேட்டில் நின்ற நாட்களை லீவு என்று போட்டார்கள். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை யார் வாயிலிருந்தும் வரவில்லை, இன்றுவரை. கறை பிடித்த கல்லைப் பின்பக்கம் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து டீ குடிக்கிறார்கள்.

அந்தத் திங்கட்கிழமை, ஆயுத பூஜை அன்றைக்கு நடந்ததைச் சுமலதா ஒன்றரைப் பக்கம் எழுதினாள். மாதேஸ்வரி அதை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள். ஒரு வரியில் நிறுத்தினாள். "'வைக்கப்பட்டது'ன்னு எழுதாத. கல்லுல தானா வந்து ஒட்டிக்கினதா? 'மேனேஜர் வைத்தார்'னு எழுது." மாற்றி எழுதினார்கள். ரஹமத் பீவி கையெழுத்துப் போட்டாள், சுமலதா போட்டாள். ஆபீஸ் பையன் பழக்கத்தில் மை டப்பாவைத் திறந்து மாதேஸ்வரி முன்னால் வைத்தான்.

அவள் அதை மூடி, மேஜையின் மறு ஓரத்துக்குத் தள்ளினாள். பேனாவை வாங்கினாள். முதலாளி நின்றுகொண்டே பார்த்தார். ஐந்து எழுத்தையும் ஒவ்வொன்றாக இறக்கினாள். புள்ளியை வைத்தாள், கொக்கியை மாட்டினாள். ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆனது. கல்லில் எழுதுகிற மாதிரி அழுத்தியதில் அடுத்த தாளிலும் பேர் பதிந்திருந்தது. கையெழுத்துக்குக் கீழே, யாரும் சொல்லாமலேயே, தேதியும் போட்டாள்:

21-10-2024.